ஏழாம் எண் முழங்கால்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா சுகம், மாமா சுகம், நான் எக்ஸ்ரே அறை இருட்டுக்குள் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "சூப்பரா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். ஆகவே உன்னைக் கேட்கவில்லை. உன் வலது முழங்கால் சுகமா? அதற்குத் தனியாகப் பதில் வேண்டும்.

கோலுக்குள் பந்தை விடாத ஆள் என்று பத்திரிகைக்காரர்கள் உனக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தது போதாதென்று, ஒரு பூட்டுக் கம்பெனி நிஜமாகவே உன் கையில் ஒரு பூட்டைக் கொடுத்து நிற்கவைத்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே மூன்று மாடி உயரத்துக்குச் சிரிக்கிறாய். அதில் இருக்கிற பல் உன்னுடையதே இல்லை. உனக்கு ஏதுடா அவ்வளவு வெள்ளைப் பல்? அம்மாவிடம் சொன்னால், "என் பிள்ளை மேல கண்ணு வைக்காதடி" என்று பாய்கிறாள். உன் படங்களை வெட்டி ஒட்டுகிற நோட்டு நாலாவது ஆரம்பித்தாயிற்று. மாமா கடிகாரம் ரிப்பேர் செய்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அம்மாவுக்குப் பசை வாங்கப் போய்வருகிறார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முழங்காலைக் கவனி. நீ இந்தக் கிளப்பில் சேருவதற்கு முன்னால், "உங்க ஊர் ஆஸ்பத்திரியிலயே முழங்கால் படம் எடுத்துட்டு வாங்க" என்று கேட்டார்களே, அப்போது உன்னைப் படுக்கவைத்து எடுத்தது நான்தான். பிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இருபத்தேழு வயசுக்காரனுக்கு அறுபது வயசு முழங்கால்! "இதைப் பாத்தா உன்னை எடுத்துக்க மாட்டாங்கடா" என்றேன். எடுத்துக்கொண்டார்களே! பார்த்தும் எடுத்துக்கொண்ட நல்ல மனசுக்காரர்கள். அந்த டாக்டரிடம் வெட்கப்படாமல் அடிக்கடி காட்டு.

எல்லாருடைய ஆசியும் உனக்கு.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

சூப்பரா இருக்கேன். முழங்காலும் சூப்பர். தனியாக எழுதிவிட்டேன், போதுமா?

தாமதத்துக்குத் திட்டாதே. உன் கடிதம் எட்டு நாள் விடுதி வாசலிலேயே கிடந்தது. எங்கள் கோச் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: போட்டி வாரத்தில் வீட்டுக் கடிதம் கிடையாது, போன் கிடையாது, பார்க்க வருகிறவர்களும் கிடையாது. முன்பு ஒருத்தன் வீட்டுக் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய் நாலு கோல் விட்டானாம். அன்றிலிருந்து வாசலில் ஒரு மர அலமாரி, ஆளுக்கொரு குழி. போட்டி வாரம் வந்தால் கதவைச் சாத்திப் பூட்டிவிடுவார்கள். அதில் தொங்குவதும் நான் விளம்பரம் செய்த பூட்டுதான். சிரிக்காதே.

இங்கே நடந்ததைக் கேட்டால் உனக்கும் தூக்கிவாரிப் போடும். எனக்கு முன்னால் இரண்டு வருஷமாகத் தடுப்பு ஆடுகிற நெட்டையைத் தெரியுமே. நவம்பரில் கணுக்கால் முறிந்து படுத்தான். தொண்ணூற்றோராம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே கிளப்பின் கடிதம் வந்தது. மூன்று மாதம் ஆடாதவரின் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடுமாம். மிச்ச வைத்தியம் அவரவர் பாடாம். பதினோராவது பிரிவில் இருக்கிறதாம். நாங்கள் யாரும் படிக்கவில்லை, அக்கா. கையெழுத்துப் போடும்போது காமிராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம். தாளை யார் பார்த்தது?

நேற்று இருபத்திரண்டு பேரும் கூடிப் பேசினோம். அந்தப் பிரிவை எடுக்கும்வரை களத்தில் இறங்குவதில்லை. எல்லாருக்காகவும் பேசுகிற வேலை என் தலையில். "கோல்கீப்பர்தானே கடைசியா நிக்கறவன், நீயே நில்லு" என்றார்கள். நானும் சரி என்றுவிட்டேன். ஒரு லாபம், இனி ஆட்டம் இல்லாததால் ஊசியும் இல்லை.

அம்மாவுக்கு என் வணக்கம். மாமாவுக்கு ஒரு சல்யூட்.

உன் தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். ஊசியா? என்ன ஊசி?

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டால் நான் கவனிக்க மாட்டேன் என்று நினைத்தாயா? எத்தனை ஊசி, எங்கே போட்டார்கள், மருந்தின் பெயர் என்ன? வலியை மரக்கவைத்து ஆடவிடுகிற ஊசியாக இருந்தால் அந்த டாக்டரை நான் சும்மா விடமாட்டேன். படத்தைப் பார்த்த மனுஷன் அந்த முழங்காலில் ஊசி குத்தி ஓடவிடுவானா? எனக்குப் புரியவில்லை, எழுது.

போன மாதம் வரை உன்னைத் தலையில் வைத்து ஆடிய அதே பேப்பர் இப்போது "கொழுத்தவர்களின் வேலைநிறுத்தம்" என்று எழுதுகிறது. கறுப்புக் கண்ணாடியோடு நீ காரிலிருந்து இறங்குகிற படம். அந்தக் கார் விளம்பரத்துக்குக் கொடுத்தது, மாலையே திருப்பி வாங்கிக்கொண்டு உன்னைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள் என்று ஊருக்கு யார் சொல்வது? மாமா கடைக்கு வந்த ஒருத்தர், "பந்தை உதைக்கறதுக்கு இவனுங்களுக்கு ஸ்டிரைக் ஒரு கேடா?" என்றாராம். மாமா அவருடைய கடிகாரத்தைக் கழற்றின நிலையிலேயே, சக்கரம் சக்கரமாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவருக்கு இத்தனை கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

நெட்டைக்காக நிற்கிறாயே, அதில் எனக்குப் பெருமைதான். நில்லு. ஊசிக்குப் பதில் எழுது.

உன் அக்கா


மார்ச் 25

அன்பு அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

விடுதியிலிருந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒன்பது பேர் நெட்டையின் வீட்டில் இரண்டு அறையில் கிடக்கிறோம். அவன் ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டே எங்களுக்கு டீ போடுகிறான். காலையில் மைதானத்து கேட் முன்னால் உட்காருகிறோம், மாலையில் எழுந்து வருகிறோம். கேட்டைக் கடந்து போகிறவர்கள் முன்பு கையெழுத்துக் கேட்பார்கள். நேற்று ஒரு அம்மா, "கடவுள் கொடுத்த திறமையை வெச்சு ஊரை ஏமாத்தறீங்களே" என்றாள்.

நேற்று நானும் ஒரு தப்பு செய்துவிட்டேன். நிருபர்கள் சுற்றி நின்று குடைந்தபோது வாய் தவறி, "எனக்கும் முழங்கால் போயிட்டு இருக்கு. நாளைக்கு நெட்டைக்கு நடந்ததுதான் எனக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நீ இப்போதும் ஆஸ்பத்திரியில் அதே ஏழாம் எண்தானா? எண்ணெல்லாம் மாற்றினார்களா? சும்மாதான் கேட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

இங்கே யாரும் சுகமில்லை. அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியாது, அதனால் அவள் சுகம்.

காலையில் பேப்பரைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் பாதிக்கு ஒரு எக்ஸ்ரே படம். மேலே, "இந்த முழங்காலுக்கா வலி?" என்று கொட்டை எழுத்து. கிளப் மேனேஜர் நிருபர்களைக் கூப்பிட்டு, "வலிக்குதுன்னு சொல்றார். நீங்களே பாருங்க, குழந்தையோட முழங்கால் மாதிரி இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி அவரே கொண்டுவந்து கொடுத்த படம்" என்று காட்டியிருக்கிறார்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பரவாயில்லையே, நான் பயந்த அளவுக்கு இல்லையே என்று நினைத்தேன். பிறகு மூலையைப் பார்த்தேன். வலது என்ற குறிக்குப் பக்கத்தில் 7. எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஈயத்தில் வார்த்த எண் உண்டு, யார் எடுத்தது என்று தெரிவதற்கு. சரி, நான் எடுத்த படம்தானே, 7 இருக்கத்தான் வேண்டும். பிறகு முட்டிச் சில்லைப் பார்த்தேன். மேல் ஓரத்தில் தனியாக ஒரு சின்னத் துண்டு, பிறவியிலேயே ஒட்டாமல் நிற்கிறது.

பேப்பரோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி, அது என் முழங்கால்.

இதே ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது ஒருத்தரை ஒருத்தர் படுக்கவைத்துப் படம் எடுத்துப் பழகுவோம். அன்றைக்கு எனக்குக் கொடுத்திருந்த 7ஐயே பக்கத்தில் வைத்து என் வலது காலை எடுத்துப் பார்த்துவிட்டு, "சில்லு ஒடைஞ்சு போச்சுடி உனக்கு" என்று எல்லாரும் என்னைப் பயமுறுத்தி அழவைத்தார்கள். அந்த ஞாபகத்துக்குத்தான் பிலிமை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். எழுந்து ஓடிப்போய் பீரோவின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். என் உறை அப்படியே இருந்தது. உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். உன்னுடைய முழங்கால்! இரண்டு வருஷமாக என் உறைக்குள், என் புடவைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

அப்படியானால் அவர்கள் உன் படத்தைப் பார்க்கவே இல்லையா? நான் நல்ல மனசுக்காரர்கள் என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டு எப்படிடா சும்மா இருந்தாய்?

அம்மா இதற்குள் கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள். "என் பிள்ளைக்கு எலும்பு எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்று வெட்டி ஒட்டிவிட்டாள். அவள் வயிற்றில் பிறந்த முழங்கால்தான், அதுவரை பொய்யில்லை.

உடனே எழுது. உடனே.

அக்கா


ஏப்ரல் 30

தம்பி,

மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைக்கூட விட்டுவிடு. ஒரு வார்த்தை, இருக்கிறேன் என்றாவது எழுது.

மாமாவிடம் சொன்னேன். அவர் கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை எடுத்து, அம்மாவின் நோட்டில் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். கடைக்குப் போய்விட்டார்.

அக்கா


மே 15

அன்பு அக்காவுக்கு,

இருக்கிறேன்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்தேன். நடந்தது இதுதான். நீ என் படத்தைப் பார்த்துவிட்டு "எடுத்துக்க மாட்டாங்கடா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாய். அப்போது எனக்கு வயசு இருபத்தேழு, அக்கா. அதற்குப் பிறகு எந்தக் கிளப் என்னைக் கூப்பிடும்? சட்டை எடுக்க பீரோவைத் திறந்தேன், உன் உறை கண்ணில் பட்டது. பிலிமின் ஓரத்தில் பெயர் ஒட்டுகிற சீட்டு இருக்குமே, அதை என் படத்திலிருந்து உரித்து உன் படத்தில் ஒட்டினேன். ஒரு தபால்தலை ஒட்டுகிற நேரம்தான் ஆயிற்று.

கிளப் டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மறுகையில் டீ. "நல்லாத்தான் இருக்கு" என்றார். என் காலை அவர் தொடவே இல்லை. நான் அன்று அப்படிச் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் மாதம் கால் வீங்கியபோதுதான் முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தார். மடக்கிப் பார்த்தார். அலமாரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "படம் நல்லா இருக்கே, அது போதும்" என்று சொல்லி ஊசியை எடுத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசவே இல்லை. இதுவரை பதினாலு ஊசி.

இப்போது கிளப் முதலாளி இறங்கி வந்திருக்கிறார். பதினோராவது பிரிவை எடுக்கச் சம்மதம், களத்தில் அடிபட்டவன் எழுந்து நடக்கும்வரை கிளப் பொறுப்பு என்று எழுதித் தரவும் சம்மதம். ஒரே நிபந்தனை, ஊரைக் கூட்டிப் பொய் சொன்ன கோல்கீப்பர், ஒன்று, வெளி டாக்டர்கள் முன்னால் புதுப் படம் எடுக்க வேண்டும், இல்லை 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தில் கோலில் நிற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பேச்சு முறிந்தது. இருபத்தோரு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நெட்டை மட்டும் தரையைப் பார்த்தான்.

படம் எடுக்க மாட்டேன், ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்காதே. 17ஆம் தேதி விடுதிக்குத் திரும்புகிறோம்.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே.

உன் தம்பி


மே 21, வியாழன்

என் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஆடாதே. முதலில் அதைப் படி, பிறகு மற்றதைப் படி. ஆடாதே.

அந்த முழங்காலோடு ஒரு தடவை பந்துக்குப் பாய்ந்து விழுந்தால் போதும், அதற்கு மேல் எந்த ஊசியாலும் உன்னை நிற்கவைக்க முடியாது. உன் படம் என் கையில் இருக்கிறது, தம்பி. பதினாலு வருஷமாக எத்தனையோ காலைப் படம் எடுத்திருக்கிறேன். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

இன்று காலையில் எங்கள் பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு முழங்கால் கதையையும் சொல்லி, உன் பிலிமையும் பேப்பரையும் மேஜையில் வைத்தேன். அவர் நம்பவில்லை. "வேணும்னா இப்பவே என் காலைப் படம் எடுத்துப் பாருங்க சார்" என்றேன். எடுத்தார்கள். ஈரம் காய்வதற்குள் பேப்பரில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சில்லின் ஓரத்துத் துண்டுவரை ஒன்றே. திங்கட்கிழமை விசாரணை, அதுவரை நான் ஊரைவிட்டுப் போகக் கூடாது. எனக்கு ஒன்றும் இல்லை, லீவு போட்டிருக்கிறேன்.

ஆகவே இனி நீ மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. அந்த நிபந்தனையில் புதுப் படம் என்பதை எடுத்துக்கொள். பயப்படாதே. இதையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேள்: படம் காட்டுகிற மாதிரி முழங்கால் நன்றாக இருந்தால் அவர்களுடைய டாக்டர் பதினாலு ஊசி எதற்குப் போட்டார்? ஊசிப் பதிவேடு அவர்களிடம்தானே இருக்கிறது? நீ செய்தது தப்பு. அதை ஒத்துக்கொள். ஆனால் தெரிந்தே ஊசி போட்டவன் உன்னைவிடப் பெரிய தப்பு செய்திருக்கிறான்.

போட்டி வாரம் என்பது ஞாபகம் இருக்கிறது. விடுதிக்குப் போன் போட்டேன். "வீட்டுக்காரங்ககூடப் பேச அனுமதியில்லம்மா" என்றார் வார்டன். கெஞ்சினேன். "லெட்டர் வந்தா பாக்கறேம்மா" என்றார். உறைமேல் சிவப்பில் அவசரம் என்று மூன்று இடத்தில் எழுதி, இன்றிரவு ரயில் தபாலிலேயே சேர்க்கிறேன். சனிக்கிழமை ரயிலில்தான் இடம் கிடைத்தது, மாமா வருகிறார். ஞாயிறு காலையில் உன் முன்னால் நிற்பார்.

ஆறு வயசில் நீ சைக்கிளிலிருந்து விழுந்தபோது உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேனே, அந்தக் கால்தான்டா அது. ஆடாதே.

உன் அக்கா


மே 23, சனி

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இது உன் கைக்கு வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும்.

ஏன் என்று கேட்காதே என்றேன். நீயா கேட்காமல் இருப்பாய்? சொல்லிவிடுகிறேன். புதுப் படம் எடுத்தால் பழைய படம் பொய் என்று தெரியும். பொய் என்று தெரிந்ததும் முதலில் எதைப் பார்ப்பார்கள்? மூலையில் இருக்கிற 7. தம்பிக்காக அக்காதான் ஆள்மாறாட்டம் செய்து படம் எடுத்துக் கொடுத்தாள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேப்பர் உன் படத்தை எவ்வளவு பெரிதாகப் போடும் என்று நினைத்துப் பார். நான் திருடியதற்கு உன் வேலை போக வேண்டுமா?

அதனால் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நாளைக்கு எல்லார் கண் முன்னாலும் நன்றாகப் பாய்ந்து விழப்போகிறேன். தானாகவே போய்விடும், நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. களத்தில் உடைந்த முழங்காலுக்குப் பழைய படத்தை யாரும் தேட மாட்டார்கள். புது ஒப்பந்தப்படி வைத்தியமும் கிளப் பொறுப்பு. 7 அத்தோடு மறந்துபோகும். எல்லாருக்கும் நல்லதுதானே?

ஊசி வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அம்மாவை டிவி பார்க்கவிடாதே.

உன் தம்பி


மே 26, செவ்வாய்

தம்பி,

உன் சனிக்கிழமைக் கடிதம் இப்போதுதான் வந்தது.

ஞாயிறன்று மாமா கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மா கேட்கவில்லை, வந்துவிட்டாள். முப்பத்தெட்டாம் நிமிஷம். பந்து வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது, வெளியே போகிற பந்து. நீ அதற்குப் போய் ஏன் பாய்கிறாய் என்று நான் கத்தினேன். பிறகு நீ எழுந்திருக்கவில்லை. அம்மா டிவியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சுவரில் இருந்த நாற்பது கடிகாரமும் நாற்பது நேரம் காட்டின.

மாமா போனில் எல்லாம் சொன்னார். ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை, உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் பாய்ந்தாயா?

அக்கா


ஜூன் 1

என் அக்காவுக்கு,

மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். அறுவை முடிந்தது. கோல்கீப்பரை மறந்துவிடு, ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாலே பெரிய விஷயம் என்கிறார் இங்கே இருக்கிற டாக்டர். இவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நீ லீவு போடவில்லை, உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று மாமா சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோது கால்வலியே மறந்துபோயிற்று. நான் காப்பாற்றுவதாக நினைத்தது மூன்று நாளைக்கு முன்னாலேயே போய்விட்டிருக்கிறது. எதற்குப் பாய்ந்தேன், அக்கா?

மாமா சொல்லித் தெரிந்துகொண்டு, நெட்டை உன் கேள்வியை அப்படியே நிருபர்கள் முன்னால் கேட்டான். "முழங்கால் நல்லா இருந்துச்சுன்னா பதினாலு ஊசி எதுக்கு?" கிளப் டாக்டர் ஊசிப் பதிவேட்டோடு காணாமல் போய், மறுநாள் வெளி டாக்டர் ஒருவரிடம் அதை ஒப்படைத்திருக்கிறார். பதினோராவது பிரிவு போய்விட்டது. இனி எங்கள் பையன்கள் அடிபட்டால் கிளப்தான் பார்க்க வேண்டும். பொய்ப் படம் கொடுத்தவன் என்பதால் நான் மட்டும் அதற்குள் வரமாட்டேன். அது நியாயம்தான். பேப்பரில் இதெல்லாம் ஆறாம் பக்கத்தில் நாலு வரி. முதல் பக்கத்தில் நான் ஸ்ட்ரெச்சரில் போகிற படம்.

மாமா ஞாயிறு காலையில் விடுதி கேட்டுக்கு வந்து சண்டை போட்டிருக்கிறார், உள்ளே விடவில்லை. டிக்கெட் வாங்கிக் கேலரியில் ஏறி நின்று, "ஆடாதடா" என்று தொண்டை கிழியக் கத்தினாராம். நாற்பதாயிரம் பேர் என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். படிக்கவில்லை. திங்கட்கிழமை மாலையில் வார்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரசிகர்களின் கடிதம் பதினொன்று, அவற்றோடு சிவப்பில் மூன்று இடத்தில் அவசரம் என்று எழுதிய உன் கடிதம். விடுதி முத்திரையைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. "சட்டம்னு ஒண்ணு இருக்கே தம்பி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷர் அழுதார். வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை என் அறைக்கு இரண்டு கதவு தள்ளி, வாசல் அலமாரியில் என் குழியில் அது இருந்திருக்கிறது.

ஞாயிறு மதியம் வரிசையாக வெளியே வந்தோம். வாசலில் என் ஷூ நாடா அவிழ்ந்தது. முழங்கால் மடங்கவில்லை, குனிவதற்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. அந்த அலமாரிக் கதவில் தொங்கிய பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தேன், அக்கா. நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனேன்.

உன் தம்பி